தொண்டை வரை போன பல் கேப்

மூன்று வருடத்துக்கு முன்பு, புனேயில் மழை பிடித்துக்கொண்டு விடாத ஒரு ஜூலை மாதம். விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பல் கிளினிக்கில், டாக்டருக்கு உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவருக்கு பிம்ப்ரியில் ஃபேக்டரி வேலை. "உன் வாயையே மூட முடியல, நீ ஊரார் வாயைத் திறக்கப் போறியா?" என்று அவர் செய்த கேலியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சேர்ந்த வேலை அது.

டாக்டர் மராத்திப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். நோயாளியின் வலது பக்கம் அவர், இடது பக்கம் நான். என் ஒரு கையில் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் குழாய், இன்னொரு கையில் அவர் கேட்கும் கருவி. அதை நோயாளியின் கண்ணுக்கு மேலாக நீட்டக் கூடாது, மோவாய்க்குக் கீழாகத்தான் கொடுக்க வேண்டும். பல்லை டாக்டர் பார்த்துக்கொள்வார், ஆளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

அன்று வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா. ஐ.டி.யில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தவருக்கு, கடைவாய்ப் பல்லில் கேப், அதாவது பல்லை மூடும் உலோக உறை, போட வேண்டியிருந்தது. இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. மகனோ போன் பேச வெளியே போனவர் திரும்பவே இல்லை. நான் தமிழில் பேசியதும் அந்த அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிகிச்சையின்போது ஏதாவது சங்கடம் என்றால் இடது கையைத் தூக்கச் சொல்வது வழக்கம். வலது கையைத் தூக்கினால் டாக்டரின் கையில் இடித்துவிடும். இதைச் சொன்னதும் அந்த அம்மா திடுக்கிட்டார்.

"டாக்டரம்மாவுக்குப் பீச்சாங்கையைக் காட்டறதா? வேண்டாம் கண்ணு, நான் பொறுத்துக்கறேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார். வலியை வேண்டுமானால் பொறுக்கலாம், மூச்சு முட்டினால் பொறுக்க முடியுமா? கடைசியில் அந்த இடது கையை எடுத்து என் முழங்காலில் வைத்து, ஏதாவது என்றால் அழுத்துங்கள், டாக்டர் கண்ணுக்கே தெரியாது என்றேன். அதற்குச் சம்மதித்தார்.

கேப்பைப் பொருத்திப் பார்க்கும்போது, தவறி விழுந்தால் தடுக்க, தொண்டைக்கு முன்னால் துணி மடித்து வைப்போம். அவருக்கு வைக்கும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வந்ததால் எடுத்துவிட்டோம். கேப் பல்லில் சரியாகவே உட்கார்ந்தது, இன்னும் ஒட்டவில்லை. கடி அளவு பார்க்கும் தாளை எடுக்க டாக்டர் தட்டுப் பக்கம் திரும்பினார். நான் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

என் முழங்காலில் அப்படி ஓர் அழுத்தம் விழுந்தது.

குனிந்து பார்த்தேன். பல்லில் கேப் இல்லை. நாக்கின் கோடியில், தொண்டை தொடங்கும் இடத்தில் அது பளபளத்தது. அவர் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் அசைந்தது. உள்ளே இழுத்துக்கொண்டால் மூச்சுக்குழாய்தான். என் கை தன்னால் நாற்காலியை நிமிர்த்தும் பட்டனுக்குப் போனது. எழுப்பி உட்கார வைத்து முதுகில் தட்டத்தானே யாருக்கும் தோன்றும்? ஆனால் நிமிர்த்தினால் கேப் நேராக உள்ளேதான் போகும். குரலைக்கூட உயர்த்தாமல், நிமிர்த்த வேண்டாம் என்று டாக்டர் இந்தியில் சொன்னார். அதற்குள் இடுக்கி அவர் கையில் இருந்தது.

"அம்மா, முழுங்காதீங்க. வாயைத் திறந்தே வைங்க. மூக்கால மெதுவா மூச்சு விடுங்க. அப்படியே முகத்தை என் பக்கம் திருப்புங்க" என்றேன்.

தொண்டையில் ஒரு பருக்கை நின்றாலே நாம் என்ன பாடு படுகிறோம்! விழுங்குவது நம் கட்டுப்பாட்டிலா இருக்கிறது? அந்த அம்மா அதை அடக்கினார். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, கழுத்து நரம்பு துடித்தது. என் கண்ணிலிருந்து மட்டும் பார்வையை எடுக்கவில்லை. முகம் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. கேப் உருண்டு கன்னத்துப் பக்கம் வந்தது. டாக்டர் அதை இடுக்கியால் கவ்வி வெளியே எடுத்துவிட்டார்.

டாக்டர் கேப்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். நான் அந்த அம்மாவை நிமிர்த்தித் தண்ணீர் கொடுத்தேன். ரொம்பப் பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"பயமில்லாமயா? உசுரே போச்சுன்னுதான் நெனச்சேன். ஆனா உன் கண்ணைப் பாத்தேன், நீ பதறவே இல்ல. நீயே பதறாதப்ப நான் எதுக்குக் கண்ணு பதறோணும்?"

மாஸ்க்குக்குள் என் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பயத்தில் சிமிட்டக்கூட மறந்து நின்ற கண்ணை தைரியம் என்று எடுத்துக்கொண்டு, அதை நம்பி, உடம்பு துடித்த துடிப்பையெல்லாம் அடக்கிக் கிடந்திருக்கிறார். பெயர்கூடத் தெரியாத என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை! அன்று பிடித்த மலைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. பிறகு அவரே துணியை வைக்கச் சொல்லி, குமட்டலைப் பொறுத்துக்கொண்டு, கேப்பை ஒட்டவைத்துக்கொண்டு போனார்.

இன்றும் யாராவது நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால், கருவிகளைச் சரிபார்த்த கையோடு என் கண்ணையும் அமைதியாக்கிக்கொள்கிறேன். படுத்திருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள அதைவிட்டால் வேறு எதுவும் இல்லையே.