தண்ணீருக்கடியில் இருபத்தெட்டு மீட்டர்

கண்ணுக்குத் தெரியாததை அளந்து சொல்லி, கண்ணெதிரே திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில். எஸ்டிமேட் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் பட்டறை. விசைப்படகுகளின் இழுவை வலைக்கு இரும்புப் பலகை செய்கிறோம். வலைக்கு இருபுறமும் ஒவ்வொரு பலகை. படகு இழுக்க இழுக்க இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகி வலையின் வாயைத் திறக்கும். கடலடியில் எவ்வளவு விலகுகின்றன என்று படகில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை.

லிஃப்டில் ஒரு விசாரணை

பூந்தமல்லியில் எங்கள் ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்த கோயம்புத்தூர் ஐடிக்காரர், லிஃப்டில் என் வேலையை விசாரித்தார். ஐந்து மாடியும் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, நம்ம மொட்டை மாடியில நின்னா செம்பரம்பாக்கம் ஏரிதானுங்களே தெரியுது?"

அறுபது மீட்டர்

முறை எளிது. படகின் பின்னால், பலகைகளை இழுக்கும் இரண்டு ரோப்புகளும் கப்பியை விட்டு இறங்கும் இடத்தில் அவற்றின் இடைவெளியை அளப்பேன். ரோப்பு வழியே ஒரு மீட்டர் தள்ளி மறுபடி அளப்பேன். கூடியிருக்கும் இடைவெளியை, வெளியே விட்ட ரோப்பின் நீளத்தால் பெருக்கி, முதல் அளவையும் கூட்டினால் விடை வந்துவிடும். ஆனால் படகு நேராகப் போக வேண்டும். முதல் தடவை, படகு திரும்பும்போதே அளந்துவிட்டு "அறுபது மீட்டர்" என்று கம்பீரமாக அறிவித்தேன். படகோட்டும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "நைனா, என் வலையே அம்மாம் அகலம் கெடியாது. பலக தனியா ஊட்டுக்குப் போய்கினு கீதா?"

எண்பது பாகம்

அதே டிரைவர் பிறகு எங்களிடம் புதுப்பலகை வாங்கினார். ஒரே வாரத்தில், "விரிய மாட்டேங்குது, திருப்பி எட்த்துக்கோ" என்று வந்து நின்றார். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. டிரைவர் திருப்பிக் கொடுத்தால் துறைமுகத்தில் வேறு யாரும் எங்கள் பலகையைத் தொட மாட்டார்கள்.

படகேறினேன். இருபத்தெட்டு மீட்டர் வர வேண்டிய இடத்தில் பத்தொன்பதுதான் வந்தது. பலகைகளைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம் பார்த்தேன். ஒன்று தரையில் உரசி முழுக்கப் பளபளத்தது. மற்றதில் ஒரு மூலை மட்டும். அப்படியானால் அது சாய்ந்து ஓடுகிறது; ரோப்புகள் சமமாக இல்லை.

ரோப்பைப் பாகக் கணக்கில் அளந்து அடையாளத்துக்குத் துணி கட்டுவார்கள். கைகளை விரித்தால் ஒரு பாகம். யார் அளந்தது என்று கேட்டேன். வலது ரோப்பை ஒருவர், இடது ரோப்பை இன்னொருவர். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை விரிக்கச் சொன்னேன். நாலு விரல் வித்தியாசம்! எண்பது பாகத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போய்விட்டது.

டேப்பால் அளந்து மறுபடி துணி கட்டினோம். அடுத்த இழுப்பில் சொல்லிவைத்த மாதிரி இருபத்தெட்டு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கரைக்கு வந்ததும் டிரைவர் பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டார். "மாமே, கடலே இல்லாத ஊர்லேந்து வந்து, நம்ம ரோப்ப நம்மளுக்கே அளந்து குட்த்துட்டான்யா!"

அன்றைக்குப் பலகை திரும்பி வரவில்லை. படகு படகாக இரவல் போன என் டேப்பும் இன்றுவரை திரும்பி வரவில்லை.