மயிலுக்குத் தண்ணீர் வைத்தவர்

அன்னவாசலில் எங்கள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆண்டு விழா. கோடையில் மயில்களுக்குத் தண்ணீர் வைத்ததற்காக பக்கத்து ஊர் அம்மா ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஒல்லியான உடம்பு, வெயிலில் வெளுத்த சேலை. போட்டோவுக்குக்கூட நிமிரவில்லை. குடிக்கக் கொடுத்த தண்ணீர் பாட்டிலில் பாதியை மிச்சம் வைத்திருந்தார்.

மேடையை விட்டு இறங்கியதும் பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பேப்பர்ல போட்ராதீங்க சார். எங்க ஊருல ஒருத்தர் கொல்லையிலயும் கடலை மிஞ்சல, பூராம் மயிலு தின்னுருச்சு. நான்தான் தண்ணி வச்சேன்னு தெரிஞ்சா ஊருல இருக்க விடுவாகளா?"

படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் அவர் ஊருக்கே போய்விட்டிருந்தது. சொன்னேன். "இனிமே வைக்காதீங்கம்மா" என்றும் சொன்னேன். சங்கச் செயலாளரான நான் சொல்லக்கூடிய பேச்சா அது?

சரியென்று தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே, பாட்டிலில் இருந்த மீதித் தண்ணீரை மண்டப வாசலில் கிடந்த கொட்டாங்குச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.