கிழக்குப் பக்கத்துக் கால்வாய்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் படி ஏறி வருவதில்லை, இறங்கி வருகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுச் சாலையைப் போடுவார்கள், தெரு உயரும். உடனே ஒருவர் ஜாக்கி வைத்துத் தன் வீட்டைத் தூக்குவார். அவர் வாசலில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரரும் தூக்குவார். இப்படி ஆளாளுக்குத் தூக்கி, கடைசியில் தூக்காத ஒரே வீடு எங்களுடையது. பெருமழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் கூடத்தில்தான்.

அதனால் "மேடாக்கிட்டா போதும்" என்று யார் சொன்னாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

அதை அன்று சொன்னவர் என் மேலதிகாரி. ஆழ்வார்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். மூடிய சுரங்கங்களில் நிலத்தைச் சீர்செய்து, மழைநீருக்கு வழி அமைக்கத் திட்டம் போடுவது எங்கள் தொழில். "மாம்பலத்துத் தண்ணிக்கு வழியக் காணோம், நீ எங்கேயோ கரிச் சுரங்கத்துக்கு வாய்க்கால் வெட்டுற" என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

வடக்கே தொலைவில் இருந்த நிலக்கரிச் சுரங்கம் அது. கரி தீர்ந்து மூடிவிட்டார்கள். தோண்டிக் கொட்டிய மண் குன்றாக நின்றது. அதன் சரிவைப் படிப்படியாக வெட்டி, மேல்மண் பரப்பி, புல் விதைத்து, மரம் நட்டு, மறுபடியும் நிலமாக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குன்றின் அடிவாரத்தைச் சுற்றி வெட்டும் கால்வாய். கரிச்சேற்றோடு இறங்கும் மழைநீரைப் பிடித்து, தொட்டியில் தெளியவிட்டு, ஓடையில் சேர்ப்பது அதன் வேலை. கிழக்கே, அடிவாரத்தை ஒட்டி ஒரு சிற்றூர் இருந்தது. அந்தப் பக்கம் கால்வாய் இல்லையென்றால் அவ்வளவு தண்ணீரும் அந்த வீடுகளுக்குள்தான் போகும்.

சுரங்கக்காரர்கள் கிழக்கில் பூங்கா வேண்டும் என்றார்கள். அலங்கார வளைவு, நடைபாதை, நீரூற்று. நடுவில் கால்வாய் போனால் அழகு கெட்டுவிடுமாம்.

"பார்க்கை மட்டும் மண்ணடிச்சு மேடாக்கிட்டா போதும்மா. தண்ணி அந்தப் பக்கம் போயிடும்," என்றார் மேலதிகாரி.

"அந்தப் பக்கம் வீடு இருக்கு சார்."

"அது நம்ம எல்லைக்கு வெளியிலம்மா. ஊர்ல நடக்காததா? ராஜா அண்ணாமலைபுரத்துல எங்க வீட்டையே தூக்கித்தான் கட்டினோம்."

அந்தச் சிற்றூருக்கு நான் முன்பே ஒருமுறை போயிருந்தேன். அங்கே ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துத் தன் அடுப்படிக்கு அழைத்துப் போனாள். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கருப்புக் கோடு, முந்தைய மழை விட்டுப் போன தடம். அதைத் தொட்டுக் காட்டினாள். நான் என்னைச் சுட்டி, முழங்காலில் கை வைத்து, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று சைகை செய்தேன். ஜீப்பில் வந்து இறங்கியவள் வீட்டிலா என்று நினைத்திருப்பாள், சிரித்துவிட்டாள். எங்கள் சுவரிலும் கோடு உண்டு. அதன்மேல் என் கணவர் காலண்டர் மாட்டி வைத்திருக்கிறார்.

மேலதிகாரியின் அறையிலிருந்து நான் என் இடத்துக்குத் திரும்பியபோது, வரைபடம் போடுகிறவர் காத்துக்கொண்டிருந்தார். ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பம் அவருடையது.

"இன்னா மேடம், கெயக்கால கீற கோட்ட அழிக்கச் சொல்லிக்கினு கீறாரு சாரு. அழிச்சிடவா?"

"கை வைக்காதீங்க."

"நா ஏன் வெக்கறேன்? எங்க வூட்டக் கூட இப்டித்தான் மேப்புலேந்து அழிச்சானுங்க."

அரசு அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட மாட்டேன் என்றேன். அப்படியென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார் மேலதிகாரி. அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டைத் தூக்குவதாக இருந்தோம்.

"வேலை போச்சுன்னா இந்த வருஷமும் தூக்க முடியாது, தெரியுமில்ல?" என்றார் கணவர்.

"தெரியும்."

"சரி. மளிகையெல்லாம் பரண்ல ஏத்திடறேன்," என்று ஸ்டூலைத் தேடிப் போனார். அந்த மனிதரை நினைத்து அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தி. நகரில் ஒரு ஹோட்டல் அறையில் சுரங்கக்காரர்களோடு கூட்டம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. என் கோபம் மட்டும் தமிழில் இருந்தது. என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். கிழக்குக் கால்வாய் இல்லாத வரைபடத்தில் என் பெயர் இருக்காது, பெயர் இல்லாமலே கொண்டுபோங்கள், ஏன் இல்லை என்று கேட்கும் அரசு அதிகாரிகளுக்கு நானே நேரில் வந்து பதில் சொல்கிறேன் என்றேன். மேலதிகாரி தட்டிலிருந்த முந்திரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுரங்கத்துப் பெரியவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். பிறகு அவர், பூங்காவை மேற்குப் பக்கம் வைத்தால் என்ன என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

கால்வாய் வந்தது. என் வேலையும் போகவில்லை. ஆனால் எல்லோருக்கும் கிடைத்த சம்பள உயர்வு எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. வீடு பள்ளத்திலேயே இருந்தது.

அடுத்த பெருமழையில் நான் கூடத்து மேசைமேல் உட்கார்ந்திருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. சுரங்கத்தில் தங்கி வேலை பார்க்கும் எங்கள் அலுவலகப் பொறியாளர் பேசினார். அங்கேயும் முந்தைய நாளெல்லாம் நல்ல மழையாம். கால்வாயில் கருப்புத் தண்ணீர் நுரைத்து ஓடுவதைக் காட்டினார். பிறகு சிற்றூருக்குள் போய், அடுப்படியில் இருந்த அந்தப் பெண்மணியிடம் போனைக் கொடுத்தார். அவள் சுவரின் பழைய கோட்டைத் தொட்டாள், காய்ந்த தரையைக் கையால் தட்டிக் காட்டினாள், வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

நான் என் போனைத் திருப்பிக் காட்டினேன். நாற்காலிகளைச் சுற்றி நிற்கும் தண்ணீர், மிதக்கும் செருப்பு, பரண் நிறைய மளிகை. அவள் சிரிப்பு நின்றது. வாயில் கை வைத்தாள். இப்போது நம்பினாள். ஏதோ வேகமாகச் சொன்னாள்.

"உங்க தெருவுக்கு யாரு கால்வாய் வெட்டுவாங்கன்னு கேக்கறாங்க மேடம்," என்றார் பொறியாளர்.

"நான்தான்னு சொல்லுங்க," என்றேன். போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத் தட்டப் போனேன்.