ஒற்றை வேட்டியோடு மாமல்லபுரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் அரசாங்க குமாஸ்தா. கத்திரி வெயிலில் மழை எங்கிருந்து வரும் என்ற திமிர் எனக்கு. மாமல்லபுரத்துக்கு இரண்டு நாள் விடுமுறையில் கிளம்பும்போது, மனைவி கட்டிய மூட்டையைப் பிரித்துக் குடையையும் மாற்று வேட்டியையும் வெளியே எடுத்துப்போட்டேன்.

"கட்டியிருக்கிற வேட்டி போதும். தொவச்சா கடல் காத்துல அரை மணியில காஞ்சுடும்."

"அப்புறம் என் பொடவையக் கேக்காதீங்க" என்றாள்.

கடற்கரையில் கால் வைத்ததும் மழை கொட்டித் தீர்த்தது. சத்திரத்து அறையில் நான் ஈரத்துண்டோடு நடுங்க, அவள் ஒரு மாற்றுப் புடவையைக் கட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள்.

பக்கத்து அறைக்காரர், கருங்குழி வெற்றிலை வியாபாரி, ஒரு கட்டம் போட்ட கைலியை நீட்டினார்.

"கட்டிக்கங்க சார். ஆபீஸ்ல ஒங்களுக்குக் கைலி ஆவாது. இன்னா பண்றது, மழையாச்சே."

"என்னைத் தெரியுமா?"

"போன மழையில வேட்டி நனைஞ்சு, இதே கைலியோட மனு குடுக்க வந்தேன். வேட்டி கட்டிகினு வான்னு தொரத்தினீங்களே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் ஈரத்துண்டு காய்ந்துவிட்டது.

ஊர் திரும்பும்வரை வேட்டி காயவில்லை. கிளம்பும்போது, கைலியை எப்படித் திருப்பித் தருவது என்று வியாபாரியிடம் கேட்டேன்.

"ஆபீசுக்கு எடுத்துகினு வாங்க சார். நான் வேட்டி கட்டிகினு வந்து வாங்கிக்கறேன்."

மனு கொண்டுவருபவர்களின் இடுப்பைப் பார்ப்பதை அன்றோடு விட்டேன். முகத்தைப் பார்க்கவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.