சர்க்கரை டப்பாவில் கரப்பான் இல்லை

என் கையால் செத்தவை எத்தனை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை முறம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். ஆறு வருஷமாக அதுதான் வேலை. அதற்கு முன்னால் நடவு, களை எடுப்பு. கம்பெனிகள் வந்தபோது நடவுக்குப் போன எங்கள் தெருப் பொம்பளைகள் பாதிப் பேர் கக்கூஸ் கழுவப் போனார்கள், பாதிப் பேர் கேண்டீனுக்கு வந்தோம்.

அந்தக் கேண்டீனில் இருந்தது வீட்டு அலமாரியில் பறக்கிற பெரிய கரப்பான் இல்லை. இது சின்னது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கோதுமை நிறம், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு. பொட்டை தன் முட்டைப் பையை வாலில் மாட்டிக்கொண்டே திரியும். அதை மிதித்தால் ஒரு குடும்பமே போகும். நான் மிதித்திருக்கிறேன். காலையில் போய் லைட்டைப் போட்டதும் சுவர் நகருகிற மாதிரி இருக்கும். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் மேலே ஒரு படை, உள்ளே ஒரு படை. டீ போடுகிறவர் கரண்டியால் தட்டி விரட்டிவிட்டு அதே சர்க்கரையைப் போடுவார்.

பிறகு பசை மருந்து வந்தது. மருந்து கம்பெனிக்காரர் ஊசி மாதிரி ஒரு குழாயில் கொண்டு வந்தார். அடுப்புக்குப் பின்னால், பிரிட்ஜ் கதவு இடுக்கில், கதவுக் கீலில், துவரம்பருப்பு அளவு ஒவ்வொரு சொட்டாக வைக்கச் சொன்னார். வெல்லப்பாகு போல இருக்கும். அதில் இனிப்பும் உண்டு, விஷமும் உண்டு. முதல் வாரம் முறம் முறமாக அள்ளினேன். மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கும். சாகிறதற்கு அரை நாள் ஆகும். செத்ததை மற்றது தின்னும், தின்றதும் சாகும். எனக்குப் பாவமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. தண்ணீரை ஊற்றிச் சாக்கடை ஜாலியில் தள்ளினேன்.

ஆனாலும் சுத்தமாக ஒழியவில்லை. நூறு இருந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் தெருவுக்காரி ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். புருஷன் இல்லை. மகளும் கட்டியவனை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்துவிட்டாள். நான்கு வயிறும் அவள் ஒருத்தி வேலையில் நடந்தது. அவளுக்கு வாய் ஓயாது. எனக்குப் பேச வராது. ஐந்தாவது படிக்கும்போது வாத்தியார் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொள்ளும், நான் உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் போட்டுவிடுவார். அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அது எனக்கு வசதியாக இருந்தது.

மருந்து வைக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் ஒழுங்காகத்தான் வைத்தாள். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். ஆனாலும் கரப்பான் திரும்ப வந்தது. மாதாமாதம் பெருகியது. மருந்துக்காரர் வந்தால் அவள் விடமாட்டாள்.

"இன்னா நைனா, உன் மருந்து போட்டாதான் அதுங்க கொழுகொழுன்னு ஆவுது. டானிக்கு கீது எத்துக்கினு வந்துட்டியா?"

அவர் பரிதாபமாகச் சிரிப்பார். "கத்துக்கிச்சுங்கமா. ரொம்ப நாளு ஒரே மருந்து வெச்சா அதுங்க கத்துக்குங்க."

கற்றுக்கொண்டதாம். எனக்கு அது மனசில் உட்காரவில்லை. தின்றது செத்துப்போனது. செத்தது எப்படிக் கற்றுக்கொள்ளும்? சாகாதது அந்த மருந்தைத் தின்னவே இல்லையே. அது எதைப் பார்த்துப் பயப்படும்?

ஆயுத பூஜைக்குக் கேசரி கிண்டினார்கள். மறுநாள் காலை கழுவுவதற்கு அண்டாக்கள் கிடந்தன. சாம்பார் அண்டாவில் கரப்பான் மொய்த்தது. பக்கத்திலேயே கேசரி அண்டா. அடியில் சர்க்கரைப் பாகு பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுகூட இல்லை. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குட்டி ஏறி வந்தது. மீசையால் தொட்டது. வாயை வைத்தது. வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை மாதிரி பின்னால் துள்ளி, முன்னங்காலால் வாயைத் துடைத்துத் துடைத்து, ஓடிவிட்டது. பிறந்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

எழுந்துபோய் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. யோசித்தால் பல மாதமாகவே அதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

அன்று தட்டு கழுவிக்கொண்டே கணக்குப் போட்டேன். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் எட்டுப் பேர். அதில் ஒரு தங்கைக்கு மட்டும் வெல்லம் ஆகாது, வாயில் வைத்தால் துப்புவாள். பிறவியிலேயே அப்படி. கரப்பானிலும் அப்படி ஒன்றிரண்டு முதலிலேயே இருந்திருக்கும். மருந்து வருவதற்கு முன்னால் அதுகள்தான் ஏமாளிகள். மற்றதெல்லாம் சர்க்கரையில் புரண்டபோது அதுகள் சாக்கடையை நக்கிக்கொண்டிருந்திருக்கும். மருந்து வந்ததும் சர்க்கரையில் புரண்டதெல்லாம் செத்தது. ஏமாளி மட்டும் மிச்சம். அதன் பிள்ளைகளுக்கும் இனிப்பு கசந்தது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும். ஒரு வருஷத்தில் அதுகளுக்கு மூன்று நான்கு தலைமுறை ஓடிவிடும். ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஆள்தான் மாறிவிட்டது. பொறுக்கியெடுத்தது நாங்கள் வைத்த மருந்துதான்.

இதை அவளிடம் மட்டும் சொன்னேன். "இது இனிப்பு துன்னாத வம்சம்டி. நீ எவ்ளோ வெச்சாலும் சாவாது."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யக்கா, கரப்பானுக்கும் சுகரு வந்துச்சா! நம்ம ஆஸ்பத்திரியில சீட்டு போட்டுக் குடு, மாத்தர துன்னட்டும்!"

சிரித்தாலும் நம்பினாள். அன்றிலிருந்து தினமும் சர்க்கரை டப்பாவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் காண்டிராக்டைப் புதுப்பிப்பார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார். குரல் அவ்வளவு இனிமை. "மனசுல என்ன இருந்தாலும் சொல்லுங்கம்மா, வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்பார். முதல் தடவை பதினோரு பேர் இருந்தோம். ஒருத்தி பாத்திரம் கழுவச் சுடுதண்ணீர் கேட்டாள். ஒருத்தி கக்கூஸ் தூரமாக இருக்கிறது என்றாள். ஒருத்தி, சாப்பிட உட்கார இடம் இல்லை என்றாள். மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்த லிஸ்டில் அந்த மூன்று பேரும் இல்லை. பேசியதால் என்று யாரும் சொல்லவில்லை. பேர் விட்டுப்போச்சு என்றார்கள். புதுசாக வந்தவர்களில் பேசுகிறவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசினார்கள், போனார்கள். நாலைந்து கூட்டம் ஆனபிறகு மேடம் கேட்டால் ஈ பறக்கிற சத்தம்தான் கேட்டது. "இப்பல்லாம் நல்லா டிசிப்ளின் கத்துக்கினாங்க மேடம்" என்று சூப்பர்வைசர் பெருமைப்பட்டார்.

நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்குப் பிறவியிலேயே தொண்டை அடைக்கும்.

அவள் வந்தபிறகு நடந்த கூட்டத்தன்று பேரனுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள். அதனால்தான் தப்பினாள்.

புதுப்பிக்கிற மாதம் வந்தது. அந்த வாரம் வெளியூர் அதிகாரிகள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்களில் ஒருவருடைய மோர்க்குழம்பில் கரப்பான் மிதந்தது. முட்டைப் பையோடு. அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். சட்டைப் பையில் புது லிஸ்ட் மடித்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது.

"போன வருசம் ஒரு கரப்பான் இல்ல இங்க. நீ வந்தப்புறம் எப்டிமே வந்துச்சு? மருந்த வெக்காம ஊட்டுக்கு எத்துக்கினு போயிட்டியா?"

"ஐய, எத்துக்கினு போயி இன்னா சார் பண்ணப் போறேன்? சோத்துல பெசஞ்சி துன்னவா?"

"வாய் மட்டும் காதுவரைக்கும் கீது. மருந்து வெச்சா சாவணும் இல்ல? ஏன் சாவல?"

"அதுங்க துன்னல சார். இனிப்புன்னாலே ஓடுதுங்க. சக்கர டப்பாவத் தொறந்து பாருங்க, அதுல ஒன்னு இருந்துச்சுன்னா நான் இப்பவே போயிடறேன். மருந்த மாத்துங்க. நானா சொல்லல, அக்காதான் கண்டுபுடிச்சுது." என் பக்கம் திரும்பினாள். "சொல்லுக்கா. அந்தக் கேசரி அண்டா கதய சொல்லு."

சூப்பர்வைசர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "இன்னா ஆயா? கரப்பானுக்கு சக்கர புடிக்கலயாமே? நீயா சொன்ன?"

சர்க்கரை டப்பா எட்டடி தூரத்தில் இருந்தது. எடுத்துத் திறந்து காட்டியிருக்கலாம். வாயே தேவையில்லை.

"எனக்கு ஒன்னியும் தெரியாது சார்" என்றேன்.

தொண்டை அடைத்தது என்று இங்கே எழுதினால் பொய். அன்று அடைக்கவில்லை. நான்கு வார்த்தையும் தண்ணீர் போல வந்தன.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "சரிக்கா" என்றாள். தலைத் தொப்பியையும் ஏப்ரனையும் கழற்றி மடித்து மூட்டையின் மேல் வைத்தாள். வாசல் கேட்டில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் போனாள். அவள் பங்குத் தட்டுகளையும் சேர்த்து நான்தான் கழுவி அடுக்கினேன்.

புது லிஸ்டில் என் பேர் மூன்றாவதாக இருந்தது. மருந்துக் குழாயை என் கையில் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மருந்துக்காரர் வேறு குழாய் கொண்டுவந்தார். கருவாட்டு வாசனை அடித்தது. "இதுல இனிப்பு இல்ல சார். பழசுல இனிப்பு துன்றதெல்லாம் செத்துப்பூட்ச்சு, துன்னாததுதான் குட்டி போட்டுப் பெருகியிருக்குது. எங்க கம்பெனியிலயே சொல்லிட்டாங்க, எல்லா கேண்டீன்லயும் இதே பேஜாரு." சுற்றிப் பார்த்தார். "ஆமா, முன்ன மருந்து வெப்பாங்களே, அந்தம்மா எங்க?"

"அதுவா? வாய் ஜாஸ்தி" என்றார் சூப்பர்வைசர். அதோடு பேச்சு முடிந்தது. அவளைத் திரும்பக் கூப்பிடுவது பற்றி அவர் நினைக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

புது மருந்துக்கு மறுபடியும் முறம் முறமாகச் செத்தது. நான் அள்ளினேன். இதிலும் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தன. கருவாட்டு வாசனைக்குப் பக்கத்தில்கூடப் போகாதவை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் இப்போது கும்மிடிப்பூண்டியில் பைபாஸ் ஓரம் ஒரு கொட்டகையில் பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்துப் போடுகிற வேலை செய்கிறாள். தெருவில் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். போன மாதம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது டீக்கடையில் நேருக்கு நேராக மாட்டிக்கொண்டோம். விரல் எல்லாம் வெட்டுக் காயம், துணி சுற்றியிருந்தாள். மகளும் அங்கேயே வேலைக்கு வருகிறாளாம். பெரிய பேரனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, சின்னதைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறார்களாம். இதை அவள் சொல்லவில்லை, கூட நின்ற கொட்டகை வேலைக்காரி ஒருத்தி சொன்னாள். தெருவுக்காரி டீக்காரரிடம் திரும்பினாள்.

"அக்காவுக்கு ஒரு டீ போடுபா. சக்கர தூக்கலா."

கிளாஸ் கைக்கு வந்தது. பாயசம் மாதிரி இருந்தது. ஒரு வாய் உறிஞ்சினேன். இறங்கவில்லை. கிளாஸை மேடையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா, வாய வெச்சிட்டுத் தொடச்சிக்கினே? நீயும் அந்த வம்சந்தானா?"

கூட நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் சிரித்ததால் அவளும் சிரித்தாள். டீக்காரரும் சிரித்தார். நான் கிளாஸைத் திரும்ப எடுத்து அடிச் சர்க்கரை வரைக்கும் குடித்தேன். நிமிர்ந்தபோது அவள் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். குடித்ததை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மேடத்தின் கூட்டம். மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னார். புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைத் தூக்கினாள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.