மணிமொழி வீட்டுக் கம்ப்யூட்டர்

மந்தாரக்குப்பத்தில் மணிமொழியை ‘டைப் அக்கா’ என்றால்தான் தெரியும். குறிஞ்சிப்பாடியில் டைப்ரைட்டிங் படித்துவிட்டு நெய்வேலிக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் தனகோட்டி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. பத்தொன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட்தான். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி முன்னறையில் வைத்து, மனு, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் என்று அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரை அவள் வேறு யாரையும் தொடவிட்டதில்லை. ஃபேன் கத்தினால் தானே கழற்றித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவாள். ஒருதரம் பவர் சப்ளை பெட்டி புகைந்து போனது. கடலூருக்குப் போய் வேறொன்று வாங்கி வந்து, வயர்களின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டாள். கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ், “யக்கா, உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா நான் கடைய மூட வேண்டியதுதான்” என்று சொன்னான். அதை அவள் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

தொழிலாளர் சங்கத்து ரியாசுதீன் அவளைத் தேடி வந்ததும் அந்தப் பேரைக் கேட்டுத்தான். தனகோட்டியையும் சேர்த்து அறுபத்து நாலு கான்ட்ராக்ட் தொழிலாளிகள் பெர்மனன்ட் கேட்டு மனுப் போடுகிறார்கள். எத்தனை வருஷம் வேலை செய்தோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். பழைய கேட் பாஸ், ஷிப்ட் சீட்டு என்று எது கிடைத்தாலும் ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு ஃபோல்டராகப் போட்டு வைக்க வேண்டும். எட்டு மாதமாக ஜனங்கள் பாலித்தீன் பையில் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்தாள்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பொற்கொடியும் வந்திருந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன பெண். அவள் புருஷன் அருண்ராஜ் பதினாலு வருஷம் சுரங்கத்தில் வேலை செய்து, போன வருஷம் நெஞ்சுவலியில் செத்துப்போனான். அவனுக்குச் சேர வேண்டிய உரிமையைக் கேட்டு அவளும் மனுவில் சேர்ந்திருந்தாள். கார்த்திகை மழையில் அவள் வீட்டுச் சுவர் இடிந்து, ஸ்கேன் செய்து திருப்பி வாங்கிப்போன காகிதமெல்லாம் சேறாகிவிட்டது. அதைச் சொல்ல வந்தவள் அழக்கூட இல்லை.

“போனா போவுது. அவருதான் உன் கம்ப்யூட்டர்ல இருக்காரே அக்கா” என்றாள்.

ரியாசுதீன் இரண்டு தடவை கேட்டான். “ஒரு பென்டிரைவ்ல காப்பி போட்டுக் குடுங்கக்கா.”

“அரைகுறையா எதுக்கு தம்பி? முழுசா முடிச்சி ஒரே தடவையா தரேன்.”

மனுவை ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடலூர் லேபர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று மணிமொழி பொத்தானை அழுத்தினாள். பீப், பீப், பீப் என்று மூன்று தரம் கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அவள் பதறவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினாள், தூசி ஊதினாள், ஒவ்வொரு வயரையும் பிடுங்கித் திரும்பச் செருகினாள். மறுபடியும் மூன்று பீப். செல்போனில் வீடியோ பார்த்து, ஒருவன் சொன்னபடி திரை வயரை மாற்றினாள். இன்னொருவன் சொன்னபடி பொத்தான் பேட்டரியை எடுத்து ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டாள். மூன்றாமவன் இந்தியில் பேசினான். அவன் கை போன இடத்துக்கெல்லாம் இவள் கையும் போனது.

முதல் ஷிப்ட் முடிந்து தனகோட்டி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் திருகாணிகள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

“என்னா பண்ணிகினு இருக்க நீ? அந்த ஜெயப்பிரகாஷக் கூப்புட வேண்டியதுதான?”

கூப்பிட்டாள். அவன் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று நெல்லிக்குப்பம் போயிருந்தான். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

“எதையும் தொடாதீங்கக்கா. ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டி ஒரு துணியில சுத்தி இங்கயே எடுத்துகினு வாங்க. என்கிட்ட லேப்டாப் இருக்கு. அரை மணி நேரத்துல எல்லாத்தையும் எடுத்துடலாம்.”

“நாளைக்குக் காலைல பஸ் புடிச்சி வந்துடறேன்பா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புடவை மாற்றிக்கொண்டாள். டிஸ்கைச் சுற்ற ஒரு துண்டைக்கூட எடுத்து வைத்தாள். கிளம்பும் முன் கடைசியாக ஒருதரம் பார்ப்போமே என்று தோன்றியது. மெமரி அட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு பீப். திரை வெளிச்சமானது.

“ஏங்க, வந்துடுச்சிங்க!” என்று கத்தினாள்.

வந்ததுதான். ஆனால் பாதியிலேயே நின்று, நீலத் திரையில் ஏதோ எழுதிக் காட்டிவிட்டு, அணைந்து, தானாகத் திரும்ப எழுந்தது. மறுபடியும் நீலம். ஏழெட்டுத் தரம் அப்படியே. விடிந்ததிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

“பஸ்ஸுக்குப் போலாம் மணி. நானும் வரேன்” என்றான் தனகோட்டி.

“செத்த சும்மா இருங்க. கைக்கு எட்டிடுச்சி. சிஸ்டத்த மட்டும் புதுசா ஏத்தினா போதும்.”

அதற்கான பென்டிரைவ் அவளிடம் இருந்தது. எப்போதும் சி-யில் சிஸ்டம், டி-யில் ஃபைல்கள். சி-யை மட்டும் அழித்து ஏற்றினால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தத் திரையில் சி என்றும் டி என்றும் எழுத்தே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான் வரிசையாக இருந்தன. எது எது என்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கண் எரிந்தது. மூன்றாவதுதான் சிஸ்டம் என்று முடிவு செய்தாள். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரிதானா என்று கேட்டது. சரி என்று அழுத்தினாள்.

முக்கால் மணி நேரத்தில் பளிச்சென்று புதுத் திரை வந்தது. டி-யைத் திறந்தாள். பழைய சிஸ்டத்தின் குப்பைகள் அப்படியே இருந்தன. அறுபத்து நாலு பேரின் ஃபோல்டர் எங்கேயும் இல்லை. அவள் அழித்தது ஃபைல்கள் இருந்த பகுதியைத்தான். மூடித் திறந்தாள். பேர் போட்டுத் தேடினாள். கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

“நம்ப பேப்பரும் அதுலதானா?” என்று கேட்டான் தனகோட்டி.

“நம்பளுது பெட்டியில இருக்கு.” அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன் வீட்டுக் காகிதம் பத்திரமாக இருப்பது அந்த நேரத்தில் பெரிய குற்றம்போல இருந்தது.

ரியாசுதீனிடம் போனில் சொன்னாள். “அசல் வச்சிருக்கறவங்கள இப்பவே எடுத்தாரச் சொல்றேன். நீங்க போன வச்சிடுங்க” என்று மட்டும் சொன்னான். வழக்கமாகச் சொல்லும் ‘அக்கா’ அதில் இல்லை. சாயங்காலத்துக்குள் ஐம்பத்து மூன்று பேர் அசலோடு வந்துவிட்டார்கள். பதினோரு பேரிடம் ஒன்றுமே இல்லை.

மணிமொழி முத்தாண்டிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினாள். போனில் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பொற்கொடி வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே மணிமொழி எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயப்பிரகாஷ் கூப்பிட்டதையும், தான் போகாததையும் மறைக்கவில்லை.

பொற்கொடி கட்டையைக் கீழே வைத்தாள். “அப்ப எங்க வூட்டுக்காரரு அங்க வேலையே செய்யலன்னு ஆயிடுமா அக்கா?”

மணிமொழி காலடியில் உருண்டு வந்த ஒரு கொட்டையை எடுத்துக் குவியலில் போட்டாள்.

“பதினாலு வருஷம். செருப்புல ஒட்டிகினு வர்ற கரிய நான்தான் கழுவுவேன்.” கட்டையை எடுத்து மறுபடியும் உடைக்க ஆரம்பித்தாள். உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மணிமொழி திரும்பி நடந்தாள்.

ஐம்பத்து மூன்று பேரின் மனு திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. மற்றவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. ஜெயப்பிரகாஷ் டிஸ்கை வாங்கி நாலு நாள் போராடினான். “மேலயே புதுசா ஏத்திட்டீங்கக்கா. சிதறின சிதறல்தான் வருது” என்றான். வந்தவற்றில் அருண்ராஜின் கேட் பாஸும் ஒன்று. மேல் பாதியில் பேரும் முகமும் தெளிவாக இருந்தன. தேதியும் முத்திரையும் இருக்க வேண்டிய கீழ்ப்பாதி முழுக்க வெறும் சாம்பல் நிறம்.

அந்த ஒரு மாதமும் மணிமொழி வேறு வேலை எடுக்கவில்லை. கான்ட்ராக்டர் ஆபீஸ், பழைய மேஸ்திரிகள் வீடு, ஷெட் வாசல் என்று நடையாய் நடந்தாள். ஒரு மேஸ்திரி அவளை வாசலிலேயே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார். எட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு காகிதம் தேறியது. மிச்சம் மூன்று பேருக்கு, கூட வேலை செய்தவர்கள் எழுதிக் கொடுத்த சாட்சிதான். அருண்ராஜுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் முதல் ஆள் தனகோட்டி. அதை ஏற்றுக்கொள்வார்களா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு விசாரணைக்கும் மணிமொழி போகிறாள். பொற்கொடியும் வருகிறாள். கூப்பிட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிறாள். மணிமொழி நீட்டும் காகிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடுகிறாள். போன விசாரணையில் அவள் முதல்முறையாக ஒன்று கேட்டாள். அந்தப் பாதிப் படத்தில் முகம் இருக்கிற இடத்தை மட்டும் பெரிதாக ஒரு பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா என்று. அடுத்த நாளே அதை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள் மணிமொழி.