பவளம் போகட்டுமா, இருக்கட்டுமா?

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஒரு ஜவ்வரிசி ஆலை. எண்பத்திரண்டாம் வருஷம், கார்த்திகை மாதம். தோலுரிக்கும் கொட்டகையில் முப்பது பெண்கள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கத்திகள் முப்பதும் ஓடின. குரல் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. மயிலம்மாளின் குரல்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிறந்த ஊர் சேந்தமங்கலம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். கணவன் சின்னண்ணன் ரிக் லாரியில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் போனவன். வருஷத்தில் பத்து மாதம் ஆந்திராவில்தான் வாசம். இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாய் வளர்த்தாள். ஆனாலும் அவள் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் கிழங்கு லாரி வந்து நிற்பதுகூட ஒருத்திக்கும் கேட்காது. மேஸ்திரி அர்த்தநாரி முதலில் அதட்டிப் பார்த்தார். கதை நடக்கும் நாளில் வேலை கூடுதலாக நடப்பதைக் கண்டபின், அவரும் தூணில் சாய்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் கதைக்கு ஒரு சட்டம் உண்டு. வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் கத்தியை நிறுத்துவாள். "இப்ப இவ போகட்டுமா, இருக்கட்டுமா?" என்பாள். எதிரே இரண்டு சிமெண்டுத் தொட்டிகள். போகட்டும் என்கிறவள் உரித்த கிழங்கை இடது தொட்டியில் எறிய வேண்டும். இருக்கட்டும் என்கிறவள் வலது தொட்டியில். எதில் அதிகமோ, கதை அந்தப் பக்கம் போகும்.

அந்த மாதம் நடந்தது பவளத்தின் கதை. பவளத்தின் புருஷன் அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். அவள் எங்கே கிளம்பினாலும் "போயிட்டு வா கண்ணு" என்று சிரிப்பான். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவள் போகும் எண்ணத்தை விடுகிறவரை சோற்றைத் தொட மாட்டான்.

தாய்வீட்டு ஊர் நோம்பித் திருவிழாவுக்குப் பவளம் போகட்டுமா? கிழங்குகள் வலது தொட்டியில் விழுந்தன. தங்கச்சி பிரசவத்துக்கு? வலது தொட்டிதான்.

"பட்டினி கெடக்கற ஆம்பளைய உட்டுட்டு எவ போவா?" என்றாள் குப்பாயி.

இருபது நாளில் பவளம் வாசற்படி தாண்டாதவளாகிப் போனாள்.

"ஏனுங்கக்கா, அந்தப் புள்ளைய இப்படிப் பூட்டி வெச்சுட்டீங்களே!" என்று பொன்னாத்தாள் மூக்கைச் சிந்தினாள்.

"நானா பூட்டுனேன்? தொட்டிய எட்டிப் பாரு."

தூணோரம் உட்கார்ந்திருக்கும் ஆராயி மட்டும் எதுவும் பேச மாட்டாள். இருபத்தாறு வயது. கொட்டகையிலேயே வேகமான கை. அவள் கிழங்கும் தினம் வலது தொட்டிக்கே போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராயியின் புருஷன் தங்கமுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மயிலம்மாள் வீட்டுக்கு வந்தான். தறி ஓட்டுகிறவன். எப்போதும் சிரித்த முகம்.

"பவளம் கடைசியில போவாளுங்களா, இருப்பாளுங்களா அக்கா?"

"அதைத் தொட்டி சொல்லோணும் தம்பி."

"நீங்க நெனச்சா தொட்டியும் கேக்குமுங்க. அவ ஊட்டுலயே இருக்கற மாதிரி முடிச்சுடுங்க. ஆராயிக்கு உங்க கதைன்னா உசுரு. தெனம் ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லுவா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "செவ்வாக்கெழமை யூனியன் ஆபீசுல அவளுக்கு இன்டர்வியூவாம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலுக்கு. போகாதன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. எனக்குத்தான் வெள்ளிக்கெழமையில இருந்து சோறு எறங்க மாட்டீங்குது."

மயிலம்மாள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பவளத்தின் புருஷன் வாயில் அவள் வைத்த பேச்சு இது! கற்பனை என்று நினைத்துச் சொன்ன கதையை, ஒருத்தி பத்தடி தூரத்தில் உட்கார்ந்து வாழ்ந்துகொண்டே கேட்டிருக்கிறாள்.

"பழத்த நீயே எடுத்துட்டுப் போ சாமி," என்றாள். "ரெண்டு நாளாப் பட்டினின்னு சொல்றியே."

அவன் போனபின் கோபம் கொதித்தது. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. கேள்வி கேட்கும்போது குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டால் போதும்; முப்பது கைகளும் அவள் நினைத்த தொட்டிக்கே நீளும். நாளைக்கு அழுதபடியே பவளத்தை வெளியே அனுப்பிவிட்டால் என்ன? பின்னாலேயே ஆராயியும் போய்விடுவாளே!

குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தவள் பாதி வழியில் நின்றாள். அவன் பட்டினியைக் காட்டி இழுக்கிறான். நான் கண்ணீரைக் காட்டி இழுத்தால், அந்தப் பெண்ணுக்கென்று எது மிஞ்சும்? கைக்குள் வந்த அதிகாரத்தை அவள் அங்கேயே கீழே வைத்தாள். எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு!

திங்கட்கிழமைக் கதையில் பவளத்தின் தாய் படுக்கையில் விழுந்தாள். பஸ் வந்து நின்றது. புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மயிலம்மாள் ஏற்ற இறக்கமே இல்லாமல், விலாசம் படிப்பதுபோல் சொல்லி முடித்தாள்.

"போகட்டுமா, இருக்கட்டுமா?"

வலது தொட்டியில் ஒவ்வொன்றாய் விழுந்தன. ஆராயியின் கிழங்கு மட்டும் கையிலேயே இருந்தது.

"என்னடி, கெழங்கு கையில ஒட்டிக்கிச்சா?" என்றாள் குப்பாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

"கேள்வியே தப்புங்க," என்றாள் ஆராயி.

சிரிப்பு நின்றது.

"பசி அவனுது. வாய் அவனுது. அவன் திங்கறதும் திங்காததும் அவன் பாடு. அதுக்குப் பவளம் ஏனுங்க பதில் சொல்லோணும்? நீங்க அவனையல்லவா கேக்கோணும்? 'ஏப்பா, திங்கறயா, படுத்துக்கறயா'ன்னு! இருவது நாளா ஒருக்காலாச்சும் கேட்டீங்களா?"

மயிலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கதையை யாரும் இப்படித் திருப்பிப் போட்டதில்லை.

"கேக்கலை. நான் கேட்டது தப்புத்தான் ஆராயி," என்றாள், முப்பது பேர் முன்னால்.

"அப்ப நாங்க எறிஞ்ச கெழங்கெல்லாம்?" என்றாள் குப்பாயி.

"அது மாவாப் போச்சு, உடு."

நாளைக்குப் போய் வா என்ற வார்த்தை மயிலம்மாளின் நுனி நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தூணோரம் காலியாக இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் தங்கமுத்து வந்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா? 'சோறாக்கி மூடி வெச்சிருக்கறேன், போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுக் கெளம்பிட்டா. நான் படுத்திருந்ததைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க."

"ஒரு வார்த்தை சொல்லலை தம்பி," என்றாள் மயிலம்மாள். அது சத்தியம்.

"இப்ப நான் என்ன பண்றதுங்க?"

கத்திகள் நின்றுவிட்டன. குப்பாயி வாயைத் திறந்தாள். மயிலம்மாள் கையைக் காட்டி அவளை அடக்கினாள்.

"அதை எங்ககிட்டக் கேக்காத சாமி. உன் வயித்தக் கேளு."

அவன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

வேலைக்கான உத்தரவு தை மாதம்தான் வந்தது. ஆனால் கொட்டகைக்குத் தெரிய வேண்டியது புதன்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. ஆராயி வந்து உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"பொழுதுசாய ஊட்டுக்குப் போய்ப் பாத்தேனுங்க. சட்டியில பாதிச் சோறு இல்லை."

"மீதி?" என்றாள் மயிலம்மாள்.

"நான் தின்னேன்," என்றாள் ஆராயி.